மரண உதவிச் சங்கமும் பொதுச் சுகாதாரமும்

கொழும்பிலிருந்து ஓட்டமாவடிக்குப் போகிறவர்களின் வழமையான பாதை அம்பேபுஸ்ஸையில் திரும்பி, குருநாகல், கலேவெல, தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை என்று செல்கிறது. 2021 மார்ச் 5 தொடங்கி ஓராண்டு முழுவதும், கொவிட் தொற்றோடு இறந்த ஒருவரை மண்ணில் அடக்கம் செய்ய இலங்கை முழுவதற்கும் நடைமுறையில் இருந்த இடம் ஒன்றே ஒன்று: மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓட்டமாவடியை அடுத்த மஜ்மா நகர். கலேவெலவைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவர் அந்த நாட்களில் தொற்றோடு மௌத்தானால், ஊர் மையவாடி கூப்பிடு தூரத்தில் இருக்க, அவருடைய ஜனாஸா நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் இராணுவக் காவலோடு போயாக வேண்டும்.

கலேவெலவிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீற்றர் வடகிழக்கே, தம்புள்ளையில், இந்த வீதி இன்னொரு பழைய பாதையோடு கூடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தென்னிந்தியத் தொழிலாளர்கள் கோப்பித் தோட்டங்களைத் தேடி நடந்த வடக்குப் பாதை அது. தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையை எட்டும்வரை காடு. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகக் கூட வந்தன. விழுந்தவரை விட்டுவிட்டுக் கூட்டம் நடந்தது. 1840களில் மட்டும் எழுபதாயிரம் பேர் இறந்ததாக அக்காலத்தில் ஒரு கணக்கு வெளியானது. வரலாற்றாளர் பலர் அந்தத் தொகையை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். தொகை எதுவானாலும், அந்தப் பாதையோரத்தில் இறந்த பெரும்பாலானோருக்குப் பெயர் சொல்லி அழ ஆளில்லை, அடையாளம் வைக்கக் கல்லில்லை.

இரண்டு பாதைகளுக்கும் நடுவே நூற்றெழுபது ஆண்டு இடைவெளி இருக்கிறது. முதலாவதில் நடந்தவர்கள் மலையகத் தமிழரின் முன்னோர். இரண்டாவதில் பயணித்த சடலங்களில் பெரும்பாலானவை தமிழ் பேசும் முஸ்லிம்களுடையவை. கொள்ளைநோய்க் காலத்தில் சிறுபான்மை மக்களின் தாங்குதிறனை எப்படி வளர்ப்பது என்ற கேள்வியை இந்தச் சந்தியில் நின்று கேட்பதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். நோயாளியை மருத்துவமனையிலிருந்தும், சமூகத்தை அரசிடமிருந்தும் விலகி ஓட வைப்பது எது என்பதை இங்கே இறந்தவர்களின் கதை காட்டுகிறது.

கலேவெல மாத்தளை மாவட்டத்தின் வடமேற்குப் பகுதி. மலையின் ஈரம் குறைந்து குளங்களின் நாடு தொடங்கும் இடம். தேவஹுவக் குளத்து நெல்வயல்களும் பெரிய வெங்காயச் செய்கையும் வீதியோரக் கடைகளும் ஊரின் பிழைப்பு. மாவட்ட மக்களில் பத்துக்கு எட்டுப் பேர் சிங்களவர். முஸ்லிம்கள் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, தமிழர் ஏறத்தாழ அதே அளவு. தமிழர் பெரும்பாலும் தெற்கே உக்குவளை, இரத்தோட்டை, எல்கடுவப் பக்கத் தோட்டங்களில் வாழ, கலேவெலப் பகுதியில் தமிழ் ஒலிப்பது அதிகமும் முஸ்லிம் வீடுகளிலும் அவர்களின் பாடசாலைகளிலும்தான். கிழக்கு மாகாணத்து ஊர்களைப் போல இவர்களுக்கு எண்ணிக்கைப் பலம் கிடையாது. நாலா பக்கமும் பெரும்பான்மைச் சமூகம் சூழ, கொடுக்கல் வாங்கலால் மட்டுமே காலூன்றிய சிறு குடியிருப்புகள். இப்படிச் சிதறி வாழ்பவர்களுக்கு ஒரு வதந்தி வைரஸை விட வேகமான ஆபத்து.

அந்த ஆபத்து கொவிட்டோடு வந்ததன்று. 2012 ஏப்ரலில் தம்புள்ளைப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதே நகரத்துக் காளி கோவில் இடிக்கப்பட்டது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனை எரிந்தது. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, மே மாதத்தில், குருநாகல் மாவட்டத்து முஸ்லிம் ஊர்கள் சூறையாடப்பட்டன. அந்த மாதமே குருநாகல் போதனா வைத்தியசாலையின் முஸ்லிம் மருத்துவர் ஒருவர், சிங்களத் தாய்மாருக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்ற குற்றச்சாட்டோடு பத்திரிகையின் முன்பக்கத்துக்கு இழுக்கப்பட்டுக் கைது செய்யப்பட்டார். ஜூலையில் பிணையில் வந்தார். குற்றச்சாட்டை நிறுவும் சான்று கிடைக்கவில்லை, பிற்பாடு அவர் பணிக்கும் திரும்பினார். ஆனால் மருத்துவமனை என்ற இடத்தின் மீதான நம்பிக்கை இரு பக்கத்திலும் காயப்பட்டுவிட்டது. சிங்களத் தாய் முஸ்லிம் மருத்துவரைச் சந்தேகித்தாள். முஸ்லிம் தாய் வார்டில் தன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று அஞ்சினாள். அதற்குப் பத்து மாதத்தில் கொவிட் வந்தது.

தாங்குதிறன் என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அடிபட்டவரிடம் இன்னும் கொஞ்சம் தாங்கு என்று சொல்லும் தொனி அதில் ஒளிந்துகொள்ள இடமுண்டு. ஒரு சமூகம் நெருக்கடியைக் கடப்பதற்கு எதை நம்பியிருக்கிறது என்று கேட்டால் பேச்சு தெளிவாகிவிடும். இந்த நாட்டில் அதற்கு ஒரு திட்டமான விடை இருக்கிறது: சாவைச் சுற்றி அமைந்த சங்கங்கள்.

சிங்களக் கிராமத்தில் மரணாதார சமிதி. முஸ்லிம் ஊரில் பள்ளிவாசலை ஒட்டிய ஜனாஸா நலன்புரிச் சங்கம். தோட்டத்தில் மாதச் சந்தாவால் நடக்கும் மரண உதவிச் சங்கம். பெயர் வேறு, வேலை ஒன்று. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கதிரைகளும் படங்குகளும் வந்து சேரும். பணம் கைக்கு வரும். குழி வெட்ட ஆள் வரும். மூன்று நாள் அடுப்பு எரியாத வீட்டுக்குச் சாப்பாடு வரும். வெள்ளம் வந்தால், மண் சரிந்தால், வேலை நின்றால், இதே சங்கத்தின் இதே ஆட்களும் இதே பாத்திரங்களும்தான் நிவாரண அணியாக மாறுவார்கள். எந்த வீட்டில் முதியவர் தனியே இருக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்குச் சீனி வருத்தம், யாருக்கு அன்றாடக் கூலி என்பதெல்லாம் சங்கச் செயலாளருக்கு மனப்பாடம். 2020 மார்ச் 20இல் ஊரடங்கு தொடங்கியபோது, சந்தை மூடி, லொறி ஓடாமல், கூலி நின்ற வாரங்களில் வீடு வீடாக உலர் உணவு கொடுத்தவர்களில் இந்தச் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் முன்வரிசையில் நின்றன.

முஸ்லிம் நிறுவனங்கள் நோயைப் பொருட்படுத்தவில்லை என்று அந்நாட்களில் பரப்பப்பட்ட கதைக்கு நேரெதிராகவே நடப்பு இருந்தது. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா மார்ச் நடுப்பகுதியிலேயே ஜும்ஆவையும் கூட்டுத் தொழுகையையும் நிறுத்தச் சொன்னது. அந்த ஆண்டு ரமழான் முழுவதும் தராவீஹ் வீட்டில், பெருநாள் தொழுகையும் வீட்டில். ஒரு நம்பிக்கைச் சமூகம் தன் ஆண்டின் உச்ச மாதத்தை நோய்த்தடுப்புக்காக விட்டுக்கொடுத்தது. எந்தச் சுகாதாரத் திணைக்களமும் மகிழ்ந்து கைகோக்க வேண்டிய கூட்டாளி அது.

நடந்தது வேறு. சுகாதார அமைச்சின் முதல் வழிகாட்டல் அடக்கம், தகனம் இரண்டையும் அனுமதித்திருந்தது. மார்ச் இறுதியில் முதல் முஸ்லிம் நோயாளி இறந்ததும் அது மாற்றப்பட்டது. ஏப்ரல் 11இல் வந்த வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பயன்பட்ட சட்டம் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவிய காலத்துச் சட்டம் இது. வடக்குப் பாதையில் வரும் தொழிலாளியை நோய் சுமப்பவனாகப் பார்த்து, பிற்பாடு அவனை மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதித்து அனுப்பிய ஒரு காலத்தின் மனத்தில் பிறந்தது. சட்டம் பழையது என்பதில் தவறில்லை. யாருடைய உடலைப் பற்றிய முடிவோ அவரிடம் ஒரு சொல்லும் கேட்காத பழக்கம் அதனோடு சேர்ந்து வந்ததுதான் தவறு.

உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டலில் இரண்டு முறைகளும் பாதுகாப்பானவை என்று சொல்லியிருந்தது. இலங்கையில் எதிர்வாதமாக வைக்கப்பட்டது நிலத்தடி நீர். புதைத்தால் நீர் மாசுபடும் என்றார்கள். இந்த வாதத்தின் முன் கலேவெல வாசகர் ஒருவர் சற்று நிற்பார். ஏனென்றால் கிணற்று நீர் பற்றிய பயம் இந்தப் பகுதிக்குப் புதியதில்லை. காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வட மத்திய மாகாணத்தில் கண்டறியப்பட்டு, மாத்தளை மாவட்டத்தின் வறண்ட ஊர்கள் வரை விவசாயக் குடும்பங்களைத் தின்றுவருகிறது. புளோரைட்டா, நீரின் கடினத்தன்மையா, வேளாண் நஞ்சா, வெயிலா என்ற ஆய்வு முப்பது ஆண்டுகளாகத் தொடர்கிறது. அந்த நீருக்கான சான்றைத் தேடி ஒரு தலைமுறை காத்திருந்த நாட்டில், வைரஸ் நீரில் கலக்கும் என்பதற்குச் சான்றே இல்லாமல் சில நாட்களில் சட்டம் வந்தது. பிந்திய ஆய்வுகளில், 2021லும் 2024லும், முறையாகப் புதைத்த உடலிலிருந்து நீர் வழியே தொற்று பரவுவதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தபோது இந்த ஆய்வுகளையே காட்டியது.

அதற்கு முன்பே, 2021 ஜனவரி பிறந்த வேளையில், இலங்கை மருத்துவச் சங்கமும் சமுதாய மருத்துவர்களின் கல்லூரியும் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தன. தங்கள் தொழிலின் மானத்தைக் காத்த அந்த மருத்துவர்களில் பெரும்பாலானோர் சிங்களவர் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆனால் அந்தக் குரல் செவியேறுமுன் உடல்கள் எரிந்துவிட்டன. 2020 டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் கட்டாயத் தகனத்துக்கு எதிரான மனுக்களை விசாரணைக்கு எடுக்காமல் தள்ளியது. ஒரு வாரம் கழிந்து, பிறந்து இருபது நாளேயான ஒரு குழந்தை பெற்றோர் சம்மதமின்றிப் பொரளையில் தகனம் செய்யப்பட்டது. மயானத்து வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள், கபன் துணியின் நினைவாக. கட்டியவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். அடக்கத்துக்கு அனுமதி வந்த நாள் வரையில் 270க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் இப்படி எரிக்கப்பட்டார்கள்.

இதைச் சமய உரிமையின் மீறலாகப் பேசுவது சரியே. பொதுச் சுகாதாரத்தின் தோல்வியாகவும் பேச வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். காய்ச்சல் கண்ட முதியவரின் வீட்டில் அந்நாட்களில் என்ன யோசனை ஓடியிருக்கும்? ஆஸ்பத்திரிக்குப் போனால் பரிசோதிப்பார்கள். பரிசோதனையில் தொற்று என்று வந்து, நாளைக்கு ஏதும் ஆகிவிட்டால் வாப்பாவை எரித்துவிடுவார்கள். அப்படியானால் வீட்டிலேயே வைத்திருப்போம், மல்லித் தண்ணீர் கொடுப்போம். அன்பு உள்ள எவரும் எடுக்கக்கூடிய முடிவு இது. அறியாமை என்று இதைத் தள்ள முடியாது. ஆனால் தொற்று மறைகிறது, தொடர்பு தேடும் பணி முறிகிறது, வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் நோய் போகிறது. நோயைத் தடுக்கப் போட்ட விதி நோய்க்கே ஒளிந்துகொள்ள வீடு கொடுத்தது.

உலகம் இதை ஆறு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருந்தது. 2014 ஓகஸ்டில், எபோலா உச்சத்தில் இருந்தபோது, லைபீரியா தலைநகர் மொன்றோவியாவில் தகனத்தைக் கட்டாயமாக்கியது. எபோலாவில் இறந்த உடல் கொவிட் உடலைப் போன்றதன்று, தொட்டாலே தொற்றும் கொடியது. ஆகவே அரசின் அச்சத்துக்கு அங்கே வலுவான காரணம் இருந்தது. இருந்தும் மக்கள் நோயாளிகளை ஒளித்தார்கள், இரவில் இரகசியமாகப் புதைத்தார்கள். அந்த நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் முஸ்லிம், கிறிஸ்தவ அமைப்புகளோடு உட்கார்ந்து பாதுகாப்பும் கண்ணியமும் கூடிய அடக்கத்துக்கு ஒரு நெறிமுறை எழுதியது. குளிப்பாட்டலுக்குப் பதிலாகத் தயம்மும் செய்வது, குடும்பத்தில் ஒருவர் எட்ட நின்று பார்ப்பது, தொழுவிக்க இமாமுக்கு இடம், புதைகுழிக்கு அடையாளம் என்று ஒவ்வொரு படியும் பேசி முடிவானது. ஆண்டிறுதியில் மொன்றோவியாவுக்கு அருகே அடக்கத்துக்கென்று நிலம் திறக்கப்பட்டது, தகனம் நின்றது. ஆப்பிரிக்காவின் மிக ஏழை நாடுகளில் ஒன்று சில மாதங்களில் திருத்திக்கொண்ட பிழை அது. அதன் பாடம் 2020இல் எங்கள் அலுவலகங்களுக்கு எட்டாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆற்றல் இல்லாத சுகாதாரத்துறையாக இருந்தால் ஆறிப்போயிருக்கும். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை இன்று நாடெங்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளாக விரிந்திருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தெருவுக்குத் தெரு போகிறார். ஏறக்குறைய மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் குடும்பநல மருத்துவிச்சி வீட்டுப்படி ஏறுகிறார். 1934, 35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறக்குறைய எண்பதாயிரம் பேரைப் பறிகொடுத்த நாடு, 2016இல் மலேரியா இல்லாத நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. இரத்தச் சொட்டை எடுக்கக் கிராமம் கிராமமாக நடந்தவர்களுக்கு மக்கள் கதவைத் திறந்ததால் கிடைத்த வெற்றி அது. கலேவெலவின் முஸ்லிம் வீட்டில் கர்ப்பிணிப் பெண்ணின் நிறையைக் குறிக்கும் சிங்கள மருத்துவிச்சிக்கு அந்த வீட்டின் சமையலறை வரை உரிமை உண்டு. கொழும்பில் வர்த்தமானி எழுதியவர்கள் அந்தப் பெண்மணி இருபது ஆண்டாகச் சேர்த்த நம்பிக்கையைச் செலவழித்தார்கள். திரும்ப அதே படியில் ஏற வேண்டியவர் அவர்தான்.

மாவட்டத்தின் தெற்கே, தோட்டங்களில், இந்தக் கதவு முதலிலேயே பாதிதான் திறந்திருந்தது. 1872 தொடக்கம் தோட்டத் தொழிலாளரின் மருத்துவம் தனிச் சட்டத்தால் நடந்தது. நாட்டின் மற்றவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரி, தோட்டத்தாருக்குத் துரைமார் நடத்தும் டிஸ்பென்சரி என்று இரு வேறு உலகங்கள். 1948இல் குடியுரிமை பறிபோன பிறகு அந்தப் பிரிப்பு மேலும் இறுகியது, 2003 சட்டம் வரும்வரை நாடற்றோர் இருந்தனர். தோட்ட மருத்துவத்தைப் பொதுச் சுகாதார அமைப்போடு இணைக்கும் வேலை இன்னும் முழுமையடையவில்லை. கொவிட் காலத்தில் ஊரடங்கிலும் தேயிலைக்கு விலக்கு இருந்ததால் கொழுந்து பறிப்பு நடந்தது. மாலையில் திரும்பியது பத்தடி அறைகள் ஒட்டிய லயத்துக்கு. ஒருவரிடமிருந்து ஒருவர் ஒரு மீற்றர் தள்ளி நில்லுங்கள் என்ற அறிவுரைக்கு லயத்தில் இடமில்லை. பொதுக் குழாயில் வரிசையில் நின்று கை கழுவ வேண்டியவரிடம் கை கழுவுங்கள் என்பது வெறும் சொல். அங்கே தாங்குதிறன் என்றால் முதலில் தனி வீடும் தண்ணீர்க் குழாயும் தமிழில் பேசும் சுகாதார ஊழியரும்தான். மலையக இந்துக்களிலும் கிறிஸ்தவர்களிலும் பலர் தங்கள் இறந்தவர்களைத் தேயிலை மலையோரத்தில் புதைப்பவர்கள். ஆகவே தகன விதி அவர்களையும் தொட்டது. அவர்களுக்காகப் பேச ஜம்இய்யத்துல் உலமா போன்ற ஓர் அமைப்பு இல்லாததால் அந்த வேதனை வெளியில் கேட்கவே இல்லை.

பிறகு மஜ்மா நகர். இரணைதீவு மக்களிடம் கேட்காமலே அரசு அத்தீவை அடக்கத்துக்குத் தெரிவுசெய்து, எதிர்ப்பால் கைவிட்ட பின் ஓட்டமாவடி முன்வந்தது. போரையும் இடப்பெயர்வையும் பட்ட ஒரு வறிய பிரதேசம் நாட்டின் இறந்தவர்களுக்குத் தன் மண்ணைக் கொடுத்தது. பிரதேச சபையும் உள்ளூர்த் தொண்டர்களும் நாளுக்கு நாள் குழிகளைத் தயார் செய்தார்கள். ஓராண்டில் 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கமானார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். கூடவே சில நூறு இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அதே நிலத்தில் இருக்கிறார்கள். நிலத்தடி நீர் பற்றிய அச்சம் மெய்யாகவில்லை. 2022 மார்ச் முதல் எங்கும் புதைக்கலாம் என்றானது. நான் பார்க்கும் பார்வையில் இந்தப் பெருந்தொற்றில் இலங்கை கண்ட மிகப் பெரிய சமூகச் சேவை ஓட்டமாவடி மக்களுடையது. அது ஒரு மாபெரும் மரண உதவிச் சங்கமாக இயங்கியது.

இனிச் செய்ய வேண்டியதைப் பெரிய திட்டங்களாக நான் காணவில்லை. 2024 மன்னிப்போடு, இறுதிச் சடங்கைத் தெரிவுசெய்யும் உரிமையைச் சட்டமாக்குவதாகவும் அமைச்சரவை சொன்னது. அந்தச் சட்டம் எழுத்தில் வர வேண்டும். எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு நட்டஈடு பேசப்பட வேண்டும். அதற்கு அடுத்தது பிரதேச மட்டத்து வேலை. டெங்கு ஒவ்வொரு மழைக்கும் வருகிறது. அப்போதே சுகாதார வைத்திய அதிகாரியின் கூட்டத்துக்குப் பள்ளிவாசல் சங்கத்துச் செயலாளரும் மரணாதார சமிதித் தலைவரும் தோட்டத்துச் சங்கக்காரரும் அழைக்கப்பட்டால், அடுத்த கொள்ளைநோய்க்கு அவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சடலத்தை எப்படிக் கையாள்வது என்ற நெறிமுறையைச் சாவு விழாத நாளில் ஒன்றாக உட்கார்ந்து, மூன்று சமூகத்தாரும், இரண்டு மொழியிலும் எழுதிவைக்கலாம். அப்படி எழுதும்போது பெண்களும் இருக்க வேண்டும். நோயாளியை வீட்டில் வைத்திருப்பதா, ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்ற முடிவு பெரும்பாலும் அவர்கள் கையில், சங்கக் கூட்டங்களிலோ அவர்கள் இல்லை.

மஜ்மா நகருக்கு இப்போதும் உறவினர் போகிறார்கள். அன்று ஓரிருவருக்கு மேல் அனுமதி இல்லாமல் அனுப்பிவைத்த வாப்பாவை, உம்மாவை ஸியாரத் செய்ய மேற்கிலிருந்து வருகிறவர்களின் வான்கள் கலேவெலக் கடைவீதியைக் கடந்து, தம்புள்ளையில் அந்தப் பழைய வடக்குப் பாதையைத் தாண்டிக் கிழக்கே போகின்றன.